முதல் கிட்டார்: குறை கையிலா, கருவியிலா?

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் உயர்கல்வி, உதவித்தொகை, வேலைவாய்ப்பு ஆகியவை குறித்துப் பேசுவதே வழக்கம். நேற்றும் இன்றும் அறிஞர் பலர் அவை பற்றித் தெளிவுறப் பேசிவிட்டனர். நமக்கு வாய்த்த தலைப்போ, "தொடக்க மாணவர்க்கு முதல் கிட்டார் வாங்குவது எப்படி?" என்பதாகும். தலைப்பைக் கேட்டவுடன் முன்வரிசையில் சிலர் புன்னகை புரிவதைக் காண்கின்றோம். "முதலில் பத்தாம் வகுப்புத் தேறட்டும், கிட்டார் பிறகு ஆகட்டும்" என்று எண்ணுவோரும் இங்கு இருக்கலாம். அவ்வாறு எண்ணுவதில் தவறில்லை. ஆயினும் இத்தலைப்பை நாமே கேட்டுப் பெற்றோம். நமது மாலைநேரப் படிப்பகத்துப் பிள்ளைகள் சிலர், "கிட்டார் கற்க ஆசையாக இருக்கிறது ஐயா, எதை வாங்குவது?" என்று இவ்வாண்டு வினவினர். அவ்வினாவுக்கு முன்னொரு காலத்தில் நாம் தவறான விடை அளித்தவர்கள். அத்தவற்றை முதலில் சொல்லிவிடுவதே முறை.

ஆண்டுகள் பல ஆயின. கல்வராயன் மலையடிவாரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் நாம் பட்டதாரி ஆசிரியராகப் பணியாற்றிய காலம். ஒன்பதாம் வகுப்பில் நம் சமுதாயத்துப் பிள்ளை ஒருவன் இருந்தான். ஓய்வு நேரங்களில் அவன் விரல்கள் மேசைப் பலகையில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். தந்தையார் கரும்பு வெட்டும் தொழிலாளி. பாட்டனார் பறையடித்தவர். பிள்ளைக்குக் கிட்டார்மீது தீராத ஆசை. தந்தையார் வெட்டுக் கூலியில் சேர்த்து வைத்த தொகையோடு நாமும் சிறிது சேர்த்து, இருவருமாகப் பையனை அழைத்துக்கொண்டு நகரத்துக் கடை ஒன்றுக்குச் சென்றோம்.

கடையில் கிட்டார்கள் வரிசையாகத் தொங்கின. பையன் கை நீட்டினான். "தொடாதே, வாங்குவதாக இருந்தால் எடுத்துத் தருகிறேன்" என்றார் அங்கிருந்தவர். அவர் எந்த நோக்கத்தில் சொன்னாரோ அறியோம். அச்சொல்லைக் கேட்டதும் தந்தையாரும் நாமும் ஓரடி பின்வாங்கினோம் என்பது உண்மை. பின் என்ன செய்தோம்? கண்ணுக்கு அழகாக, சிவந்த பளபளப்புடன் இருந்த ஒன்றைச் சுட்டிக்காட்டினோம். விலை கையிருப்புக்குள் அடங்கிற்று. ஒரு கம்பியையேனும் மீட்டிப் பாராமல், உறையிலிட்டு வாங்கி வந்தோம்.

பையன் ஒரு மாதம் விடாது முயன்றான். விரல் நுனிகள் புண்ணாயின. கம்பியை அழுத்த இரு கைகளின் வலுவும் வேண்டியிருந்தது. எத்துணை முயன்றும் ஒலி ஒழுங்குபடவில்லை. ஒருநாள் அவன் நம்மிடம் வந்து, "நம்ம கைக்கு இது வராது சார். நமக்குத் தப்புதான் வரும்" என்று சொல்லித் தலைகுனிந்தான். கிட்டார் சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்டது. "பயிற்சி போதாது தம்பி" என்று நாமும் கடிந்துகொண்டோம். ஆசிரியர் தொழிலில் நாம் கூறிய சொற்களுள் இன்றும் வருந்துவது அச்சொல்லுக்கே.

அவ்வாண்டுப் பொங்கலின்போது அவர்கள் இல்லம் சென்றிருந்தோம். பாட்டனார் கிட்டாரைச் சுவரினின்று இறக்கச் சொன்னார். அவர் கிட்டார் அறியாதவர். எனினும் கருவி அறிந்தவர். தச்சர் பலகையை நோக்குவதுபோல் ஒரு கண்ணை மூடிக் கழுத்தை நெடுக நோக்கினார். கம்பியை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு சொன்னார்: "வாத்தியாரய்யா, காய்ச்சாத தப்ப அடிச்சா கைதான் நோவும். இதுவும் அப்படித்தான் இருக்குது. கம்பி எட்டிக்கிட்டு நிக்குது பாருங்க. பையன் கையக் குத்தம் சொல்லாதீங்க."

தீயில் காய்ச்சித் தோலை முறுக்கேற்றிய பின்னரே பறையை அடிக்க வேண்டும் என்பதை அறிந்த முதியவருக்கு, கருவியைச் சரிசெய்யாமல் கையைப் பழிப்பது அறியாமை என்று விளங்கிற்று. பட்டம் பெற்ற நமக்கு விளங்கவில்லை.

அக்கருவியைச் சின்னசேலம் பக்கத்து மரச்சிற்பத் தொழிலாளி ஒருவரிடம் கொண்டு சென்றோம். கள்ளக்குறிச்சி வட்டாரத்து மரச்சிற்பங்கள் 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றவை என்பதை நீங்கள் அறிவீர்கள். அக்கைவினைஞர், கம்பிகளைத் தாங்கும் குதிரையின் மேலுள்ள வெண்ணிறப் பட்டையைக் கழற்றி, அதன் அடிப்பாகத்தை இரண்டு மில்லிமீட்டர் அளவு தேய்த்துத் தந்தார். தேவாலயத்தில் கிட்டார் வாசிக்கும் இளைஞர் ஒருவர் மெல்லிய கம்பிகளை மாற்றிச் சுருதி கூட்டினார். கம்பிகள் கழுத்தின் நடுப்பகுதியில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இறங்கின. ஒரு மில்லிமீட்டர்தான்! அன்று மாலையே பையன் மூன்று சுரக்கூட்டுகளைத் தெளிவாக வாசித்தான். குறை கையில் இல்லை, கருவியில் இருந்தது.

அன்பார்ந்த இளைஞர்களே, நாம் இன்று சொல்ல விழைவது இவ்வொன்றே. முதல் கருவியை வாங்குவதில் அழகு, பெயர், பகட்டு ஆகியன எல்லாம் பிற்பட்டவை. கற்பவனின் கையைத் தண்டிக்காத கருவியே நல்ல கருவி. அதனை அறியும் வழிகளை இனி முறையாகக் கூறுவோம்.

முதலாவது, எவ்வகைக் கிட்டார் என்பது. மூவகை உண்டு. நைலான் கம்பி பூட்டியது ஒன்று. ஸ்பானிய நாட்டுக் கைவினைஞர் அந்தோனியோ தெ தோரஸ் (1817–1892) வகுத்த வடிவத்தின் வழி வந்தது இது. விரலுக்கு மென்மையானது. ஆயின் கழுத்து அகலமானது, மேல்முனையில் ஏறத்தாழ 52 மில்லிமீட்டர் இருக்கும். எஃகுக் கம்பி பூட்டியது மற்றொன்று. கழுத்துக் குறுகியது, ஏறத்தாழ 43 மில்லிமீட்டர். திரைப்பாடல், தேவாலயப் பாடல், மேடைப் பாடல் ஆகியவற்றுக்குப் பெரிதும் பயன்படுவது இதுவே. தொடக்கத்தில் விரல் நோகும், மூன்று நான்கு வாரங்களில் விரல்நுனி உரமேறிவிடும். மின் கிட்டார் மூன்றாவது. கம்பி மெல்லியது, அழுத்துவது எளிது. ஆனால் ஒலிபெருக்கியும் மின்சாரமும் வேண்டும், செலவு இரட்டிக்கும். பாட்டுக்குத் துணையாக வாசிக்க விரும்புவோர்க்கு எஃகுக் கம்பிக் கிட்டாரும், சிறு பிள்ளைகட்கும் செவ்வியல் முறை பயில்வோர்க்கும் நைலான் கம்பிக் கிட்டாரும் ஏற்றவை. நைலான் கம்பிக்கென அமைந்த கிட்டாரில் எஃகுக் கம்பியை ஒருபோதும் பூட்டலாகாது. எஃகின் இழுவிசை மிகுதி, குதிரை பெயர்ந்துவிடும்.

இரண்டாவது, அளவு. வளர்ந்தோர்க்கு முழு அளவு. பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகட்கு முக்கால் அளவோ அரை அளவோ வேண்டும். "வளர்ந்தாலும் ஆகுமே" என்று சட்டையைப் பெரிதாக எடுப்பது நம் வழக்கம். கிட்டாரில் அது பொருந்தாது. பிள்ளையை நாற்காலியில் அமர்த்தி, மடியில் வைத்து, இடக்கை கழுத்தின் முனையை வருத்தமின்றி எட்டுகிறதா, வலக்கை தோள் உயராமல் கம்பிகளின்மேல் அமைகிறதா என்று பாருங்கள். யார் வாசிக்கப் போகிறாரோ அவரையே கடைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மூன்றாவது, கம்பியின் உயரம். நம் பிள்ளையைத் துன்புறுத்தியது இதுவே. கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகப் பட்டைகளை வீணையில் மெட்டு என்பர், கடைக்காரர் ஃபிரெட் என்பார். மேலிருந்து பன்னிரண்டாவது மெட்டுக்குச் சென்று, மெட்டுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியை அளவுகோலால் அளந்து பாருங்கள். எஃகுக் கம்பிக் கிட்டாரில் இரண்டு முதல் இரண்டரை மில்லிமீட்டர் வரை இருப்பது நலம். நைலான் கம்பியில் மூன்று முதல் நான்கு வரை இருக்கலாம். இதற்கு மிஞ்சினால் இரு தீமைகள். ஒன்று, விரல் நோகும். மற்றொன்று, உயரத்திலிருந்து அழுத்தப்படும் கம்பி மிகுதியாக இழுபட்டு, சுருதி மேலேறிவிடும். அதாவது பிள்ளை சரியான இடத்தில் விரல் வைத்தாலும் தவறாகவே ஒலிக்கும். அதைக் கேட்கும் பிள்ளை தன்னையே நொந்துகொள்ளும். ஒரு மில்லிமீட்டர் இறக்க வேண்டுமாயின் குதிரைப் பட்டையில் இரண்டு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும் என்பது கணக்கு. பட்டையில் அதற்கு இடம் உண்டா என்பதையும் வாங்குமுன் பார்த்துக்கொள்க.

நான்காவது, கழுத்து. பாட்டனார் செய்ததுபோல் ஒரு கண்ணை மூடி, கழுத்தை நெடுக நோக்குங்கள். மிகச் சிறிய குழிவு இருப்பது இயல்பு. வில்போல் வளைந்தோ, ஒருபுறம் முறுகியோ இருந்தால் வேண்டா. கழுத்தினுள் எஃகுத் தண்டு ஒன்று பெரும்பாலான எஃகுக் கம்பிக் கிட்டார்களில் உண்டு. சிறு வளைவை அதனைத் திருகிச் சரிசெய்யலாம். முறுகலை அவ்வாறு சரிசெய்ய இயலாது.

ஐந்தாவது, ஒலி. ஆறு கம்பிகளும் தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஏறத்தாழ 82, 110, 147, 196, 247, 330 என்ற அதிர்வெண்களில் ஒலிக்க வேண்டும். கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் சுருதிச் செயலி கொண்டு கடைக்காரரையே கூட்டித் தரச் சொல்லுங்கள். பின் ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி மீட்டுங்கள். எங்கேனும் கிரீச்சென்றோ நரநரவென்றோ ஒலித்தால் மெட்டு சமமாக இல்லாதிருக்கலாம். இறுதியாகப் பன்னிரண்டாவது மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அவ்விடத்தில் கம்பியின் நீளம் பாதியாகின்றது, ஆதலின் அதிர்வெண் இருமடங்காக வேண்டும். ஒன்பதாம் வகுப்பு அறிவியல் படித்த பிள்ளைக்கு இது விளங்கும். செயலி அதே சுரத்தைக் காட்டாமல் விலகினால், அக்கருவி இணங்கிப் பாடாது.

ஆறாவது, கட்டமைப்பு. குதிரையின் பின்பக்கம் பலகையிலிருந்து எழும்பியுள்ளதா, முறுக்காணிகள் சீராகச் சுழல்கின்றனவா, வட்டத் துளையின் வழியே நோக்கினால் உட்சட்டங்கள் விட்டுப் போயுள்ளனவா என்று பாருங்கள். முகப்புப் பலகை ஒட்டுப்பலகையாயிருப்பின் கவலற்க. முழுப்பலகையின் ஒலி சிறந்ததே. எனினும் வெயிலையும் ஈரத்தையும் ஒட்டுப்பலகையே மிகுதியாகத் தாங்கும். தொடக்கத்துக்கு அது போதும்.

மரத்தைப் பற்றி ஒரு சொல். கிட்டார் நமக்கு அயலானது என்று கருதுவோர் உண்டு. உலகின் உயர்ந்த கிட்டார்கள் பலவற்றின் முதுகும் பக்கங்களும் ஈட்டி மரத்தால் ஆனவை. அம்மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைவது. தமிழகத்தில் அதனைக் காக்க 1994இலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. மரம் நமது, மரத்தைச் செதுக்கும் கையும் நமது. கருவி மட்டும் எங்ஙனம் அயலாகும்?

இனிச் செலவு. இன்று புதிய கிட்டார்கள் ஏறத்தாழ 3000 ரூபாயிலிருந்து கிடைக்கின்றன. மேற்கூறிய தேர்வுகளில் தேறக்கூடியவை பெரும்பாலும் 6000 முதல் 10000 ரூபாய்க்குள் அமைகின்றன. இத்தொகை நம் இல்லங்களுக்குச் சிறிதன்று. ஆகவே மூன்று சொல்வோம். வட்டிக்குக் கடன் வாங்கி எக்கருவியும் வாங்காதீர். உதவித்தொகையைத் தொடாதீர். அதற்குப் படிப்பு என்று பெயர் எழுதியிருக்கிறது. கையிருப்பு முழுவதையும் கருவிக்கே செலவிடாமல், உறை, மாற்றுக் கம்பி, சரிசெய்யும் கூலி ஆகியவற்றுக்கென ஆயிரம் ரூபாயேனும் ஒதுக்குங்கள். ஒருவர் வாசித்துப் பழகிய கருவி பாதி விலைக்குக் கிடைக்குமாயின், அதே தேர்வுகளை நடத்தி வாங்குவதில் இழிவு ஏதுமில்லை. நன்கு பழகிய பழைய கருவி, பளபளக்கும் புதிய பொம்மையினும் மேல்.

எங்கு வாங்குவது? சென்னை அண்ணா சாலையில் 1842இல் தொடங்கிய மியூசி மியூசிகல் போன்ற பழம்பெரும் கடை முதல், அருகிலுள்ள நகரங்களின் சிறு கடைகள் வரை பல உண்டு. இணையவழி வாங்குவோர், திருப்பியனுப்பும் வசதி உண்டா என்று அறிந்து, வந்த அன்றே எல்லாத் தேர்வுகளையும் நடத்திவிட வேண்டும். கடைக்குச் செல்வோர் வாசிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்க. தேவாலயப் பாடகர் குழுவிலோ மெல்லிசைக் குழுவிலோ வாசிக்கும் இளைஞரைக் கேட்டால் மறுக்கமாட்டார். முக்கியமாக ஒன்று. தொட்டுப் பார்த்து, மடியில் வைத்து, மீட்டிக் கேட்டு வாங்குவது வாங்குவோனின் உரிமை. "தொடாதே" என்று சொல்லும் கடையில் விலை எவ்வளவு குறைவாயினும் நமக்கு வேலையில்லை. அன்று ஓரடி பின்வாங்கினோம். நீங்கள் பின்வாங்க வேண்டா.

வாங்கியபின் பேணுவதும் கற்றலின் ஒரு பகுதியே. கள்ளக்குறிச்சிச் சமவெளியின் கத்திரி வெயிலில், தகரக் கூரையின் கீழ் வைத்த கிட்டாரின் பசை இளகும். கல்வராயன் மலையூர்களில் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மரம் உப்பும், கம்பி துருவேறும். அடுப்படியிலும் ஈரச் சுவரிலும் மாட்டாதீர். வாசித்தபின் உலர்ந்த துணியால் கம்பியைத் துடைத்து உறையிலிடுங்கள். நாள்தோறும் பதினைந்து நிமிடம் வாசிப்பது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் வாசிப்பதினும் பயனுடைத்து.

"நம் பிள்ளைகள் கிட்டார் கற்று என்ன ஆகப் போகிறது?" என்ற வினா இன்னும் நிற்கின்றது. பண்ணைப்புரம் என்னும் சிற்றூரில் 1943இல் பிறந்த இளையராஜா, உடன்பிறந்தாரோடு ஊர் ஊராகச் சென்று மேடையில் வாசித்தவர். பின்னர்ச் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை கற்று, இலண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார்த் தேர்விலும் தேறினார். 1976இல் 'அன்னக்கிளி' வாயிலாகத் தமிழகம் முழுவதும் அறியப்பட்டார். 2025 மார்ச்சில் இலண்டனில் அவரது சிம்பொனி அரங்கேறிற்று. எல்லோரும் அவராக இயலாது, ஆக வேண்டியதுமில்லை. ஆனால் முறையாகக் கற்றால் எதுவரை செல்லலாம் என்பதற்கு அது சான்று. அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்வின் பிற்பகுதியில், ஓயாப் பணிகளுக்கிடையே வயலின் பயின்றார். எவரையும் மகிழ்விக்கும் கட்டாயம் அவருக்கு இல்லை. தமக்கென ஒரு கருவியைத் தாமே தேர்ந்துகொண்டார், அவ்வளவே.

நம் முன்னோர்க்கு அவ்வுரிமை இருந்ததில்லை. பறை அவர்கள்மேல் சுமத்தப்பட்டது. சாவு வீட்டில் அடிக்க மறுத்தோர் அடிபட்டனர். அதனால் நம்முள் பலர் பறையையே வெறுத்து ஒதுக்கினர். அவ்வெறுப்பின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆயின் காலம் மாறி வருகின்றது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைத் தாமே விரும்பிக் கையிலெடுத்தனர். மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2018 ஜனவரியில் சென்னையில் அரங்கேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் மேடையில் பறையும் கிட்டாரும் அருகருகே ஒலித்தன. எனவே கிட்டார் கற்கும் தம்பி தங்கையர், பறையை விட்டு ஓடுவதற்காகக் கிட்டாரை எடுக்க வேண்டா. கிட்டார் பிடித்திருக்கிறது என்பதற்காக எடுங்கள். சுமத்தப்பட்டதைச் சுமப்பது வேறு, விரும்பியதைத் தேர்வது வேறு.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். படிப்பகத்தில் நூல்களை இரவல் தருவதுபோல், இரண்டு கிட்டார்களையும் இரண்டு பறைகளையும் வாங்கி வைப்போம். ஒரு மாதம் இரவல் வாசித்துப் பார்த்து, ஆசை நிலைத்தால் குடும்பம் வாங்கட்டும். ஒரு பிள்ளைக்கு ஒன்று வாங்கி, அது சுவரில் தொங்குவதினும் இது மேல். முதல் கிட்டாருக்கான தொகையை நம் ஓய்வூதியப் பணத்திலிருந்து அளிக்க உறுதி கூறுகின்றோம். பறைக்கு ஆசிரியர் வேண்டுமெனில் நம் முதியோர் இருக்கின்றனர்.

அந்தப் பிள்ளை என்ன ஆனான் என்று கேட்பீர்கள். அவர் இசைக்கலைஞர் ஆகவில்லை. மருத்துவ ஆய்வுக்கூடப் படிப்பு முடித்துப் பணியில் இருக்கின்றார். அதே சிவப்புக் கிட்டார் இன்றும் அவரிடம் உள்ளது. பாட்டனார் மறைந்த நாளில், சடங்குகள் எல்லாம் முடிந்தபின், திண்ணையில் அமர்ந்து அவர் மெல்ல வாசித்ததை நாம் கேட்டோம். யாரும் கட்டளையிட்டு அவர் வாசிக்கவில்லை.

பெற்றோர்களே, ஆசிரியர்களே, பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை, ஆங்கிலம் வரவில்லை, பாட்டு வரவில்லை என்று சொல்லுமுன், அவன் கையில் நாம் கொடுத்த கருவியை ஒருமுறை அளந்து பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் இறக்கினால் போதுமானதாக இருக்கலாம்.